"லெப் இல்லை" என்பது சாட்டு



"எங்கட ஸ்கூல்ல லெப் சரியில்ல, அதான் பிள்ளைகள் ஐசிடியில பின்னுக்கு." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. யாரும் கோபிக்க வேண்டாம், எழுதத்தான் வேண்டும்.

"புரொசசர் அறிவுறுத்தலை எடுக்கும், விளங்கும், நிறைவேற்றும்" என்று உயர்தரப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறார்கள். அந்த அறிவுறுத்தல் எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பே அமைதி.

இதைக் காட்ட லெப் எதற்கு? கொப்பியில் 32 கட்டம் வரையுங்கள். பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப் பயன்படுத்தும் மிப்ஸ் புரொசசரில் ஓர் அறிவுறுத்தல் 32 பிட்தான். கூட்டலை எடுங்கள். முதல் 6 கட்டம் ஒப்கோட்: வேலையின் குறி. அடுத்து 5, 5, 5: எந்த இரண்டு ரெஜிஸ்டரில் உள்ளதைக் கூட்டுவது, விடையை எதில் வைப்பது. இவைதான் ஒபரண்ட். மீதி 11இல் கடைசி 6, எந்தக் கணக்கு என்பதைத் துல்லியமாகச் சொல்லும். நடுவில் உள்ள 5 கூட்டலுக்குத் தேவையில்லை, பூச்சியம்.

ஏன் 5? ரெஜிஸ்டர்கள் 32. இரண்டை ஐந்து தரம் பெருக்கினால் 32.

சரி, ரெஜிஸ்டரில் உள்ளதோடு நேரடியாக ஓர் எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால்? 6, 5, 5 போக மிச்சம் 16 பிட். அதில் -32768 முதல் 32767 வரைதான் அடங்கும். ஒரு இலட்சத்தை ஒரே அறிவுறுத்தலில் கூட்ட ஏலாது. ரெஜிஸ்டரை 64 ஆக்கினால்? ஒவ்வொன்றையும் குறிக்க 6 பிட் வேண்டும், எண்ணுக்கு 14தான் மிஞ்சும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும், அதுதான் படிப்பு.

"இது சோதனைக்கு வருமா சேர்?" துவித எண்ணும் இரண்டின் நிரப்பியும் வருகிறதே! அவை எதற்கென்று இங்கேதான் விளங்கும். விளங்காமல் ட்யூஷன் நோட்டை மனனம் செய்த பிள்ளை, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே தடுமாறும்.

லெப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிக் கொடுப்போருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் ரிப்பன் வெட்டித் திறந்த கம்பியூட்டரில் டைப்பிங்கும் பவர்பொயின்டும் மட்டும் பழக்கினால், பிள்ளை மெஷினைப் பாவிப்பவனாக மட்டுமே வளரும், அதை வடிவமைப்பவனாக வளராது.

பழைய மாணவர் சங்கத்தினரே, பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் எத்தனை கம்பியூட்டர் என்று கேளுங்கள். அதோடு, அந்த 32 கட்டத்தை நம் பிள்ளைக்கு யார் வரைந்து காட்டினார் என்றும் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.