ஆண்டுக்கு நாலு சனி

புரட்டாசி பிறந்தால் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குச் சற்றுக் கவலைதான். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த மாதம் முட்டை விலை இறங்கிவிடுகிறது. மற்ற நாட்களில் முட்டையும் கறியும் உண்ணும் குடும்பங்கள், பெருமாளுக்கென்று அவற்றை விலக்கி வைப்பதே முக்கியக் காரணம். மாதம் முழுவதும் முடியாதவர் சனிக்கிழமையாவது விலக்குவர். நஷ்டக் கணக்குப் பார்க்கும் பண்ணைக்காரர் வீட்டிலேயே அன்று முட்டை உடைபடாது என்பதுதான் வேடிக்கை!

சேந்தமங்கலத்தை அடுத்த நைனாமலையை அந்தச் சனிக்கிழமைகளில் பார்க்கவேண்டும். செங்குத்தான படிகளில் வரதராஜப் பெருமாளைச் சேவிக்கக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். வடநாட்டிலிருந்து திரும்பிய லாரி டிரைவர், தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளி, மரவள்ளிக் காட்டை விட்டு வந்த குடியானவர். "இதற்கு முன் எப்போது கோயிலுக்குப் போனீர்?" என்று கேட்டால், பலர் தயங்காமல் "போன புரட்டாசியில்" என்பார்கள்.

இதைக் கேலி செய்வோர் உண்டு. பதினொரு மாதம் பெருமாளை மறந்துவிட்டு ஒரு மாதம் நாமம் போடுவது என்ன பக்தி என்று ஆசாரசீலர் கேட்கிறார். பகுத்தறிவுவாதியும் அதையேதான் கேட்கிறார். இவ்விருவரும் ஒன்றுபடுவது அபூர்வம்! நாமத்தை இட்டுக்கொண்டு தராசில் கை வைப்பவனைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் குற்றம் தராசைச் சேர்ந்தது, சனிக்கிழமையைச் சேர்ந்ததன்று.

இங்கே வேறொரு சனிக்கிழமையை நினைவுகூர்வது பொருந்தும். பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில் 'பெனே இஸ்ரேல்' என்னும் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். முன்னோர் வந்த கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிருமே கரையேறினர் என்பது அவர்கள் மரபு. வேத நூல்களில்லை, குருமாரில்லை, பண்டிகைகளில் பலவும் மறந்துபோயின. செக்காட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை மட்டும் செக்கை ஓட்டமாட்டார்கள். செதிளில்லாத மீனைத் தொடமாட்டார்கள். ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வார்கள். இவற்றோடு, பொருள் விளங்காமலே சொல்லி வந்த ஒரு பிரார்த்தனை வாக்கியம். அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு இட்ட பெயரே 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

அரைகுறை ஆசாரம் என்று இதையும் தள்ளியிருக்கலாம். ஆனால் வெளியூர் யூதர் வந்தபோது இன்னாரென்று அடையாளம் காட்டியது அந்த அரைகுறைதான். 1796-ல் பம்பாயில் அவர்களுக்கு ஜெப ஆலயம் எழுந்தது. பின்னாளில் இஸ்ரேலில் குடியேறியபோது, "இவர்கள் அசல் யூதரா?" என்று அங்குள்ள மதகுருமார் சிலர் கலியாண விஷயத்தில் தடை எழுப்பினார்கள். கிளர்ச்சி நடந்தது. எல்லா வகையிலும் யூதர்களே என்று 1964-ல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. முழு ஆசாரம் இல்லையேல் எதுவும் வேண்டாமென்று கொங்கணத்துப் பாட்டன் செக்கை ஏழு நாளும் ஓட்டியிருந்தால், வழக்காடவே பேரன் இருந்திருக்கமாட்டான்.

யூதர்களிலும் யோம் கிப்பூர் நோன்பன்று மட்டுமே ஜெப ஆலயம் வருவோர் உலகெங்கும் ஏராளம். அன்று அவர்களுக்கும் இடமுண்டு.

நாமக்கல் சீமையில் தளிகை போடும் வீடுகளில், நெற்றியில் நாமமிட்ட சிறுவன் சொம்பை ஏந்தி "கோவிந்தா!" என்று தெருவில் வருகிறான். வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கலாம். அடுத்த சனிக்கு அந்தச் சொம்பை யாரும் நினைவூட்டாமலே அவன் தேடி எடுத்துக்கொள்கிறான்.