டிரிப்ஸைத் திருகியது யார்?

சென்ற வருடம் என் மனைவியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். இருதயம் பலவீனம், டிரிப்ஸ் மெதுவாகத்தான் இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவு பதினொரு மணிக்குச் சொட்டு நின்றுவிட்டது. வார்டில் முப்பது பேருக்கு ஒரே ஒரு சிஸ்டர். அந்தப் பெண் வேறொரு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே, "ஆயாம்மா, அதைக் கொஞ்சம் பாருங்க" என்றது. ஆயா வந்து திருகிவிட்டுப் போனார். ஒரு மணி நேரத்தில் முக்கால் பாட்டில் காலி. மனைவிக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் ஓடிவந்து, நீர் பிரிய ஊசி போட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

காலையில் விசாரித்தால், ஆயாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

எங்கள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் காலத்துப் பழைய கோப்புகளில், கையெழுத்துக்கு மேல் 'பார் தெலெகசியோன்' என்றிருக்கும். மேலதிகாரி ஒப்படைத்த அதிகாரத்தால், அவருக்காக என்று பொருள். நான் வேலை பார்த்த ஆபீசில் இதுவே 'ஃபார்' போட்டுக் கையெழுத்து. ஆடிட் ஆட்சேபணை வரும்போது மட்டும் அந்த 'ஃபார்' யார் கண்ணிலும் படாது. மெமோ நேராக என் மேஜைக்கு வரும்.

தங்கை மகள் பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரியில் 'ஏத் சுவாஞாந்த்', அதாவது நர்ஸுக்கு உதவியாள். குளிப்பாட்டுவது போன்ற அன்றாடப் பராமரிப்பை நர்ஸ் இவளைக் கொண்டு செய்யலாம். ஆனால் பொறுப்பு நர்ஸுடையது. 2004-லேயே அந்த நாட்டு விதியில் அப்படி எழுதியாயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்த டிரிப்ஸை இவள் திருகக் கூடாது.

அந்த சிஸ்டர் செய்தது தப்புதான். ஆயாவுக்குச் சொட்டு எண்ணத் தெரியுமா என்று யோசிக்கவில்லை. பிறகு வந்து பார்க்கவும் இல்லை. ஆனால் முப்பது பேருக்கு ஒருத்தியை நிறுத்தினார்களே, அவர்கள்? அவர்களும் அந்த சிஸ்டரிடம் ஒப்படைத்தவர்கள்தானே! நானும் லேசுப்பட்டவன் இல்லை. "சீக்கிரம் பாரும்மா" என்று ஆயாவை விரட்டியது நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான் விரட்டியதையும் மறைக்கவில்லை. அன்றிரவு ஒரே ஒரு சிஸ்டருக்கு டியூட்டி போட்டுக் கையெழுத்திட்டது யார், ஆயாவுக்குத் திரும்ப வேலை உண்டா என்று இரண்டே கேள்விகள். நினைவூட்டல் கடிதமும் போட்டாயிற்று, குமாஸ்தா புத்தி. பதில் இன்னும் வரவில்லை.