பழைய வில்லா, புது வில்லா?

கோவில்பட்டியில் மட்டை என்றால் ஹாக்கி. வில் என்றால் கோயில் கொடைக்கு வரும் வில்லுப்பாட்டு. அங்கே போய், 'காலேஜில் விட்ட வில்வித்தையை மறுபடி தொடப் போறேன்' என்று லேசான தொந்தியோடு சொன்னால் மாமனார் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வாங்கியது காம்பவுண்ட் வில்லில்தான்.

இதன் இரு முனையிலும் கேம் என்ற கோணல் சக்கரம். ஐம்பது பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின் கையில் மிஞ்சுவது பத்துப் பதினைந்துதான். அந்தத் தைரியத்தில் அறுபது கேட்காதீர்கள். பாதி வழியில் மொத்தத்தையும் தோள்தானே தாங்கணும்! நாற்பதில் தொடங்கி, போல்ட்டைத் திருகி ஏற்றிக்கொள்ளலாம்.

பழசு மலிவு, வாஸ்தவம். ஆனால் அடுத்தவர் செருப்பு மாதிரி, இழுப்பு நீளம் சேரணும். கைகளை விரித்து, நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் உத்தேசமாக வரும். சில மாடலில் அதை மாற்ற வேறு கேமே வாங்கணும். லிம்ப் என்ற வளையும் பட்டையில் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் விரிசல்; எழுந்து வந்துவிடுங்கள். அது உடைவது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். "அம்பில்லாம ஒரு தடவை விட்டுப் பாருங்க சார்" என்பவரிடமும் வாங்க வேண்டாம். அம்புக்குப் போகவேண்டிய சக்தியெல்லாம் வில்லையே தாக்கும். அவர் எத்தனை தடவை விட்டுப் பார்த்தாரோ! நாணும் கேபிளும் நைந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

புதுசே வாங்கினாலும் சித்திரையில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள். கரிசல் வெயிலுக்கு லிம்பின் ஒட்டே விட்டுப்போகலாம்.