பெரணிக்கு ஜிபிஎஸ் தெரியாதுங்க

தாவரவியல்ல ஆராய்ச்சி பண்ற நண்பன் ஒருத்தன் போன மாசம் ஒரு கோப்பை அனுப்பி, "மச்சி, இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுடா"ன்னான். உள்ளே இருந்தது சையாத்தியா ஜைஜான்டியா பற்றிய பதிவுகள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகள்ல வளர்ற மரப்பெரணி அது. ஹெர்பேரியங்களில் காயவைத்துத் தாளில் ஒட்டி வைத்திருக்கும் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி ஆச்சே! அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாத வரிகளைத் தூக்கிடுன்னு நாலு வரி நிரல். பத்தே நிமிஷம்.

மறுநாள் போன். "டேய், 19ஆம் நூற்றாண்டு எங்கடா போச்சு?"

அப்புறம்தான் உறைத்தது. 1860களில் மதராஸ் மாகாணத்துக் காட்டிலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே தென்னிந்தியப் பெரணிகளுக்குப் புத்தகம் போட்டவர் பெடோம். அந்தக் காலத்து ஆட்கள்கிட்ட ஜிபிஎஸ் ஏது? சீட்டில் 'நீலகிரி', 'ஆனைமலை' என்று எழுதினால் முடிந்தது. அதையெல்லாம் குப்பைன்னு நினைச்சுத் தூக்கிட்டேன்.

சரி, 'நீலகிரி'ன்னா ஊட்டிக்கு நடுவுல ஒரு புள்ளி வெச்சுடலாமான்னு கேட்டீங்கன்னா, அது அதைவிட மோசம். ஓடைக்கரைப் பெரணி ஊட்டி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கும்!

ஒரு புள்ளியில என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. ஒரு செடி அழியும் ஆபத்தில் இருக்கிறதா என்று பார்க்க, சிவப்புப் பட்டியலில் ஒரு வழி இருக்கு. புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டுப் பரப்பை அளப்பார்கள். 5,000 சதுர கி.மீ.க்குள் வந்தால் ஒரு கணக்கு, 20,000க்குள் வந்தால் இன்னொரு கணக்கு. கூடவே வேறு நிபந்தனைகளும் உண்டு. தப்பான ஒரு புள்ளி அந்தப் பரப்பை ஊதிவிடும். பழைய பதிவை அழித்தாலோ, அந்தச் செடி அங்கே இருந்து காணாமல் போனதே யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம். ஹெர்பேரியத் தாள் அரை மீட்டர்கூட இருக்காது. இந்தப் பெரணியின் ஒரு இலையே ரெண்டு மீட்டருக்கு மேல போகும். ஒரு துண்டைத்தான் ஒட்ட முடியும். மரம் எவ்வளவு உயரம்னு சேகரித்தவர் சீட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு. நாமளோ 'குறிப்பு' பத்தியைத்தான் முதல்ல வெட்டுவோம்.

அதனால என் கட்சி இதுதான்: சீட்டில் இருக்கிற வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க. நம்ம ஊகத்தைத் தனிப் பத்தியில் போட்டு, எத்தனை கிலோமீட்டர் தப்பலாம்னு பக்கத்திலேயே எழுதுங்க. நேத்து வந்த ஜிபிஎஸ்ஸுக்காக, 150 வருஷத்துக்கு முன்னாடி அட்டை கடிக்கக் காட்டுக்குள்ள நடந்தவங்க எழுதினதை அழிக்க நமக்கு உரிமையில்லை.

டிஸ்கி: நல்லவேளை, மூலக் கோப்பு நண்பன்கிட்ட பத்திரமா இருந்துச்சு :-)