கூடுதல் ஆளால் மட்டும் கோல் விழாது

பவர்பிளே என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கியில் அதன் பொருள் வேறு. தவறிழைத்த ஆட்டக்காரரை நடுவர் 2 நிமிடத்துக்குத் தண்டனைப் பெட்டியில் உட்கார வைத்துவிடுவார். நாம் இங்கு பார்க்கும் திடல் ஹாக்கியில் பச்சை அட்டைக்கும் அதே 2 நிமிடம்தான். ஆனால் அங்கே 11 பேரில் ஒருவர் குறைவது பெரிதாகத் தெரியாது. பனித்தரையில் கோல்காவலரைத் தவிர்த்து 5 பேர்தான். அதில் ஒருவர் போனால் பெரிய ஓட்டை.

அப்படியிருந்தும் வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் ஏறக்குறைய ஐந்து பவர்பிளேக்களில் ஒன்றுதான் கோலில் முடிகிறது. ரசிகர்களைக் கேட்டால், "அடிக்காமல் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்பார்கள். ரப்பர் வட்டு மட்டையில் பட்ட கணமே "அடி, அடி" என்று அரங்கம் கத்தும். அந்தக் கூச்சலுக்கு இயற்பியலில் ஆதரவு இல்லை என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே, சுமார் 18 மீட்டரிலிருந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், வட்டு கோலை அடைய 0.46 விநாடி ஆகும். கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி போதும். கோலின் அகலமோ வெறும் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். தடித்த காப்புறைகளுடன் சரியான இடத்தில் நிற்கும் கோல்காவலர் அதை நிதானமாகவே தடுத்துவிடுவார்.

அவர் சரியான இடத்தில் நிற்கக்கூடாது. விஷயமே அதுதான். கோலுக்கு முன்னே இரு பக்கமும் வரைந்திருக்கும் வட்டங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 13 மீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகமான பாஸ் போக ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் கோல்காவலர் தலையைத் திருப்பி, பக்கவாட்டில் சறுக்கி, நின்று, மறுபடியும் வட்டைக் கண்ணில் பிடிக்க வேண்டும். அந்த மையத்திலிருந்து கோலுக்கு 9 மீட்டர்தான். அதே வேகத்தில் அடித்தால் 0.23 விநாடி. இன்னும் சறுக்கிக்கொண்டிருப்பவரால் என்ன செய்ய முடியும்?

வந்த பாஸை நிறுத்தாமல் அப்படியே அடித்தால்தான் இது பலிக்கும். அதனால்தான் வலக்கை மட்டைக்காரரை இடப்பக்கம் நிறுத்துகிறார்கள். அப்போது அவரது மட்டை, பாஸ் வரும் பக்கத்தை நோக்கித் திறந்திருக்கும். வாஷிங்டன் அணியின் அலெக்சாண்டர் ஒவெச்கின் பல ஆண்டுகளாக அந்த இடப்பக்க வட்டத்தில்தான் காத்திருக்கிறார். வேன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை முறியடித்த 895ஆவது கோலும் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி, பவர்பிளேயில், அங்கிருந்தே விழுந்தது. அவர் எங்கே நிற்பார் என்று லீக் முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை? அவரை ஒட்டியே ஒருவரை நிறுத்தினால், மீதி 3 பேர் 4 பேரைச் சமாளிக்க வேண்டும். கூடுதல் ஆளின் பயன் இங்கேதான் தெரிகிறது.

ஒரு ஒவெச்கின் இருந்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. இன்று பல அணிகள் கையாளும் 1-3-1 அமைப்பில் நீலக்கோட்டில் ஒருவர், நடுவில் குறுக்காக மூவர், கோல் முன்னே ஒருவர். அந்த மூவரில் நடுவில் நிற்பவர், தற்காப்பாளர் நால்வர் அமைக்கும் சதுரத்துக்குள்ளேயே இருப்பார். அவரைக் கவனித்தால் ஓரம் திறக்கும், ஓரத்துக்கு ஓடினால் அவர் தனியாகிவிடுவார். கோல் முன்னே நிற்பவரின் வேலை கோல்காவலரின் கண்ணை மறைப்பது. கண் மறைந்திருக்கும்போது நீலக்கோட்டிலிருந்து அடிப்பதும் நல்ல ஷாட்தான். அதை மறுக்கவில்லை. மறைப்பும் இல்லாமல் குறுக்குப் பாஸும் இல்லாமல் அடிப்பதைத்தான் வீண் என்கிறேன். தடுக்கப்பட்ட வட்டு எதிரணியிடம் போனால், அவர்கள் அதை மறுகோடிக்கு அடித்துவிடுவார்கள். வழக்கமாக அது விதிமீறல், ஆள் குறைந்த அணிக்கு மட்டும் அனுமதி உண்டு. மறுபடியும் வட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைவதற்குள் 2 நிமிடத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஒரு காலத்தில் பவர்பிளே விதியையே மாற்ற வைத்தது. 1955 நவம்பரில் மொண்ட்ரியல் அணியின் ஜான் பெலிவோ, போஸ்டனுக்கு எதிராக ஒரே பவர்பிளேயில் 44 விநாடிகளில் 3 கோல் அடித்தார். அப்போது எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனை 2 நிமிடமும் தொடரும். அடுத்த ஆண்டே, ஒரு கோல் விழுந்தால் சிறு தண்டனை முடியும் என்று லீக் திருத்திவிட்டது.

இதுவரை ஒரு பருவத்தின் சிறந்த பவர்பிளே 2022-23இல் எட்மண்டன் அணியுடையது, 32.4 விழுக்காடு. வட்டைச் சுமந்து தற்காப்பைக் கலைக்க கானர் மெக்டேவிட், வலப்பக்கத்திலிருந்து நிறுத்தாமல் அடிக்க இடக்கைக்காரரான லியோன் டிரைசைட்டல். டிரைசைட்டல் மட்டும் அந்தப் பருவத்தில் பவர்பிளேயில் 32 கோல் அடித்தார். ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதி ஐவருக்கு ஐவராகத்தான் நடக்கிறது. அந்த ஆண்டு எட்மண்டன் இரண்டாம் சுற்றிலேயே வேகாஸ் அணியிடம் தோற்று வெளியேறியது. பவர்பிளே பட்டியலின் முன்வரிசையில்கூட இல்லாத அந்த வேகாஸ்தான் கிண்ணத்தை வென்றது.