கட்டுச்சோறு என்ன கடத்தல் சரக்கா?

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன் மக்களே. குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போகும்போது வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய், போன இடத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது காசில்லாதவன் செய்கிற காரியம் அல்ல. சுற்றுலா என்பதே அதுதான். அதைத் தடுக்கிற போர்டும் தப்பு, அதைப் பார்த்துச் சிரிக்கிற வாயும் தப்பு. இந்த இரண்டையும் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"வெளி உணவுக்கு அனுமதி இல்லை." இந்த போர்டைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது. சினிமா தியேட்டரில் இருக்கும், கேளிக்கைப் பூங்காவில் இருக்கும், ரிசார்ட்டில் இருக்கும். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். உள்ளே விற்கிறார்களே, அந்த உணவு எங்கிருந்து வந்ததாம்? உள்ளேயே நெல் விதைத்து அறுவடை செய்தார்களா? அதுவும் வெளியிலிருந்து லாரியில் வந்ததுதானே! ஆக, பிரச்சினை வெளி உணவு அல்ல. வெளி விலை. அதை அப்படியே எழுதி மாட்ட வேண்டியதுதானே.

எங்கள் ஊர் செங்கல்பட்டு. மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் திருக்கழுக்குன்றம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தப் பயணம் உண்டு. பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, ஆயா, பொடிசுகள் என்று ஒன்பது பேராவது தேறுவோம். மெனு மட்டும் மாறவே மாறாது. புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சோறு, மாவடு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி.

இதில் ஒரு விஞ்ஞானமே இருக்கிறது. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் சோறு சீக்கிரத்தில் கெடாது. தயிர்சோற்றுக்குத் தயிரை அப்படியே ஊற்றிப் பிசையமாட்டார்கள். சோற்றைக் குழைத்து, பாலை ஊற்றி, கொஞ்சூண்டு தயிர் கலந்து மூடிவிடுவார்கள். காலையில் பாலாகக் கிளம்பியது, மதியம் இறங்குகிற இடத்தில் தயிராக இருக்கும். எந்தக் கேட்டரிங் கல்லூரியில் போய்ப் படித்தார்கள் நம் ஆயாக்கள்? கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் ஊர் திரும்பும்போது கட்டுசாதக் கூடை கொடுத்தனுப்புகிற வழக்கம் இருந்த நாடு இது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கொண்டு போகிற நாடு. வழியில் பசித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நாம் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டோம்.

பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போதெல்லாம் ஆயா அந்தக் கழுகுக் கதையை எடுத்துவிடும். மலைமேல் நடுமதியம் இரண்டு கழுகுகள் வரும், பண்டாரம் கையில் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார், அதைத் தின்றுவிட்டுப் பறந்துவிடும். காலையில் காசியில் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வருகின்றனவாம். 1990களின் கடைசியில் அந்தக் கழுகுகள் வருவது நின்றுபோனது. எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்த விருந்தாளிக்குக்கூட கோயிலில் பொங்கல்தான் கொடுத்தார்கள். "டோக்கன் வாங்கிட்டியா?" என்று யாரும் கேட்கவில்லை.

சரி, நடந்த கதை ஒன்று. ஈ.சி.ஆரில் ஒரு கேளிக்கைப் பூங்கா. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தூக்குச்சட்டியைப் பார்த்ததும் செக்யூரிட்டி அண்ணன், "அம்மா, சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்றார். ஆயா சும்மா இருக்குமா? "இன்னாப்பா, சோத்துலயா குண்டு வெச்சி எடுத்தாருவாங்க?" என்றது. அவர் சிரித்துவிட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அவரே ஒரு டிபன் டப்பாவை நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார் :-)

பி.காம் படிக்கிறவனைக் கூட்டிப் போனால் கணக்குப் பார்க்காமல் விடுவானா? ஒன்பது பேருக்கு ஒன்பது தட்டு கலந்த சாதம், தட்டு 160 வீதம் 1,440. தண்ணீர் பாட்டில் ஆறு, 40 வீதம் 240. பொடிசுகளுக்கு ஜூஸ் நாலு, 80 வீதம் 320. மொத்தம் சுளையாக 2,000 ரூபாய். வீட்டில் கட்டியதற்கு ஆன செலவு 500-ஐத் தாண்டாது. சாயங்காலம் வாசலுக்கு வந்து பையை வாங்கினால் தயிர்சோறு புளித்துக் கிடந்தது, உருளைக்கிழங்கு நொந்துபோயிருந்தது. புளிசோறு மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. ராத்திரி வீட்டுக்கு வந்து அதைத்தான் சாப்பிட்டோம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இப்படிப் பாழாவதற்கு 'அசாதாரண நட்டம்' என்று பெயர். ஆயா பாஷையில் 'சோத்த வீணாக்கின பாவம்'. இரண்டும் ஒன்றுதான்.

இப்போது எதிர்க்கட்சிக்காரர்களிடம் வருவோம்.

முதல் வாதம்: "அது அவங்க இடம், அவங்க ரூல்." உண்மைதான். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-ல் தியேட்டர்களில் வெளி உணவைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தியேட்டர் தனியார் சொத்து, நிபந்தனை போட உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. யாராவது ஜிலேபி தின்றுவிட்டுப் பிசுக்குக் கையை சீட்டில் துடைத்தால் யார் கழுவுவது என்றுகூட விசாரணையில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே நீதிமன்றம், குடிதண்ணீர் இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதை எந்த போர்டிலாவது இவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்திருக்கிறீர்களா?

தியேட்டர் மூன்று மணி நேரம். பாப்கார்ன் தின்னாமல் படம் பார்த்தால் யாரும் செத்துவிடமாட்டோம். பூங்கா அப்படியா? காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற இடம். நடுவில் ஒரு வேளை சாப்பிட்டே ஆகவேண்டும். ஆயாவுக்கு சர்க்கரை மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பாடு வேண்டும். அங்கே வாங்குவது விருப்பம் அல்ல, கட்டாயம். சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயம் ஆகிவிடாது மக்களே. வட்டிக்கு விடுகிற நம்ம ஊர் ஆட்களைக் கேட்டால் அவர்களும் எல்லாம் சட்டப்படிதான் என்பார்கள்.

இரண்டாவது வாதம்: "சாப்பாட்டு லாபம் இல்லேன்னா டிக்கெட் விலை ஏறிடும்." ஏறட்டுமே! ஐம்பது ரூபாய் கூட்டி வாசலில் எழுதிப் போடுங்கள். வீட்டிலேயே கணக்குப் போட்டு, கட்டுப்படியானால் வருவோம், இல்லையென்றால் கடற்கரைக்குப் போவோம். தெரிந்து செலவழிப்பது வேறு, மாட்டிக்கொண்டு செலவழிப்பது வேறு. வாசலுக்கு வெளியே ஒரு விலை காட்டி, பிள்ளை பசியில் அழும்போது இன்னொரு விலை காட்டுவதற்கு எங்கள் சிலபஸில் ஏதோ நாகரிகமான பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் அதன் பெயர் வேறு.

"உலகம் பூரா இப்படித்தான்" என்று ஒரு குரல் கேட்கிறது. இல்லை சாமி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டில் கண்ணாடிப் பாத்திரம், மது போன்றவை தவிர, சொந்தமாகச் சாப்பிட உணவு எடுத்துப் போகலாம். கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் பெரியண்ணன் அதுதான். அங்கேயே நொறுக்குத்தீனியும் சாண்ட்விச்சும் உள்ளே போகிறது. இங்கே இட்லிக்கு விசா கிடைக்கவில்லை! ஜப்பானில் செர்ரி பூக்கிற காலத்தில் பூங்காவில் பாய் விரித்து வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஈரானில் புத்தாண்டு பிறந்து பதின்மூன்றாம் நாள் ஊரே சோற்றுக்கூடையோடு வெளியே கிளம்புகிறது. நமக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. காணும் பொங்கல்.

மூன்றாவது வாதம்: "குப்பை போடுவாங்க." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. காணும் பொங்கலுக்கு மறுநாள் மாமல்லபுரம் மணலைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அந்தக் குப்பையைக் கிளறிப் பாருங்கள். எவர்சில்வர் தூக்குச்சட்டி கிடக்கிறதா? கிடப்பதெல்லாம் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், கப்பு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தப் பூங்காவுக்குள் எங்களுக்குச் சோறு வந்ததோ பிளாஸ்டிக் மூடி போட்ட டப்பாவில், பிளாஸ்டிக் ஸ்பூனோடு. நாங்கள் கொண்டுபோனது வாழையிலை. மாட்டுக்குப் போட்டால் அதுவும் மிஞ்சாது. இப்போது சொல்லுங்கள், யார் குப்பை?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் போன்ற நினைவுச்சின்னங்களுக்குள் சமைக்கவோ சாப்பிடவோ தொல்லியல் துறை விடாது. அது நியாயமான தடை. எண்ணெய்க் கை ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்லில் பட்டால் கல் பேசாது, ஆனால் கெடும். அங்கே காரணம் கல். பூங்காவில் காரணம் கல்லாப்பெட்டி. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அந்தக் கல்லிலேயே பாருங்களேன், கிருஷ்ண மண்டபத்தில் என்ன செதுக்கியிருக்கிறார்கள்? கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிப் பிடித்திருக்கிறான். அடியில் ஒருவர் மாடு கறக்கிறார், மாடு கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலையில் பானைகளை அடுக்கிக்கொண்டு போகிறாள். ஊர் முழுக்க பிள்ளைகுட்டியோடு, பாலும் பானையுமாக அங்கே இருக்கிறது. சிற்பிக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, மாசி மகம். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். மணலில் புடவையால் கூடாரம் கட்டி, அங்கேயே பொங்கித் தின்று, விடிகாலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம்கூட முடித்துக்கொண்டு போவார்கள். நாட்டிலேயே ஏழைகளில் ஏழைகள். அவர்கள் கொண்டாட யாரும் டிக்கெட் அடித்துக் கொடுக்கவில்லை. கடலும் மணலும் பொதுவாக இருப்பதால்தான் அந்தக் கொண்டாட்டம் நடக்கிறது. பொது இடம் சுருங்கச் சுருங்க யாருடைய சந்தோஷம் முதலில் சுருங்கும் என்று யோசியுங்கள். மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபரும் சந்தித்துப் போனபிறகு, அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் டிக்கெட் வந்தது. பராமரிப்புக்குக் காசு வேண்டும், சரி. ஆனால் ஒவ்வொரு புல்வெளிக்கும் ஒரு கேட் என்று போனால், பிள்ளைகள் சறுக்கு விளையாடவும் ரேஷன் கார்டு கேட்பார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இதுதான் நிஜமாகவே கனமான கேள்வி. "கட்டுச்சோறு, கட்டுச்சோறுன்னு குதிக்கிறியே, நாலு மணிக்கு எழுந்து அதைச் செய்யறது யாரு? அம்மாவுக்கு லீவு வேண்டாமா?" என் வகுப்புத் தோழி கேட்டாள். சரியான அடி. அம்மாவின் முதுகு வலியில் நடக்கிற சுற்றுலா சுற்றுலாவே இல்லை. ஆனால் அதற்கு மருந்து 160 ரூபாய்த் தட்டு அல்ல, வீட்டு ஆம்பிளைகளின் கை. எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சல் முதல்நாள் ராத்திரியே அப்பா பொறுப்பு. உருளைக்கிழங்கு உரிப்பது தம்பி. திரும்பி வந்து பாத்திரம் கழுவுவது என் டிபார்ட்மெண்ட். அம்மா தாளிப்பாள், நடுவில் காபி குடித்துக்கொண்டு எங்களைத் திட்டுவாள். முடியாத நாளில் ஹோட்டலில் சாப்பிடுவோம். அதில் தப்பே இல்லை. எது என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டும், போர்டு முடிவெடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. ஒன்று, நாள் முழுக்க ஆளை உள்ளே வைத்திருக்கிற எந்த இடமும் வீட்டுச் சோற்றை விட வேண்டும். முடியாதென்றால் வாசலில் நிழலோடு ஓர் இடமும், கையில் முத்திரை குத்தித் திரும்ப உள்ளே விடும் வசதியும் வேண்டும். இரண்டு, மாமல்லபுரத்தில் டிக்கெட் வசூலிக்கிற அரசு, சின்னங்களுக்கு வெளியே குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட மரநிழலும் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் போதுமான அளவு தரவேண்டும். மூன்று நமக்கு. கொண்டுபோன இலையைக் குப்பைத்தொட்டியில் போடு, தொட்டி இல்லையென்றால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வா.

அப்புறம், தூக்குச்சட்டியைப் பார்த்து "பட்டிக்காடு" என்று முனகுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூடியைத் திறந்ததும் அந்த நல்லெண்ணெய் வாசனைக்கு முதலில் திரும்பிப் பார்ப்பது நீங்கள்தான். வெட்கப்படாமல் கையை நீட்டுங்கள். ஒன்பது பேருக்குக் கட்டினால் பன்னிரண்டு பேருக்கு வரும்.

பி.கு: புளிசோற்றுக்கு வேர்க்கடலையை இறங்கிய இடத்தில்தான் கலக்க வேண்டும். வீட்டிலேயே கலந்தால் நமத்துவிடும். இது அப்பா கண்டுபிடித்தது என்று அப்பாவும், தான் சொல்லிக்கொடுத்தது என்று ஆயாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.