கேன்சருக்குத் துணை போகும் கொத்தனார்கள்

"கேன்சர்னா என்ன?"ன்னு கேட்டா, "ஒரு செல் கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாம பெருகுறது"ன்னு பிளஸ் டூ பதிலைத்தான் நாம எல்லாரும் சொல்வோம். தப்பில்லை. ஆனா அது பாதி பதில்தான்னு நான் நினைக்கிறேன்.

மீசோதீலியோமாவை எடுத்துக்கோங்க. நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். முக்கியக் காரணம், ஆஸ்பெஸ்டாஸ் இழைகள். நம்ம ஊர்ல கூரைக்குப் போடுறோமே, அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் தூசி உள்ளே போனா, நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருஷம் வரை ஆகலாம்.

அந்தக் கட்டிக்குள்ளே புற்றுநோய்ச் செல்கள் மட்டும் இல்லை. இணைப்புத் திசுவைச் சேர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் இருக்கு. சாதாரண நாள்ல இவங்க கொலாஜன் உற்பத்தி பண்ணி, காயத்தைப் பூசி மெழுகுற கொத்தனார்கள். புற்றுநோய்ச் செல் எஃப்ஜிஎஃப்-2, பிடிஜிஎஃப் மாதிரியான புரதங்களை வெளியிட்டு இவங்களைக் கூப்பிடுது. வந்தவங்க பதிலுக்கு ஹெச்ஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறாங்க. அது கிடைச்சதும் புற்றுநோய்ச் செல் இன்னும் பெருகுது, பரவுது, மறுபடியும் ஆள் கூப்பிடுது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்: அசல் பாசிட்டிவ் ஃபீட்பேக்!

இந்தச் சிந்தனை புதுசும் இல்லை. விதை மட்டும் போதாது, மண்ணும் ஒத்துழைக்கணும்னு 1889-லேயே சொன்னார் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

"அப்போ ஃபைப்ரோபிளாஸ்ட்டை ஒழிச்சுட்டா போச்சு"ன்னு தோணுதா? கணையப் புற்றுநோய் வந்த எலிகள்ல அதைச் செய்து பார்த்தாங்க. 2014-ல் வெளியான முடிவு தலைகீழ்: புற்றுநோய் இன்னும் மூர்க்கமாச்சு, எலிகள் சீக்கிரமே செத்துப்போச்சு. ஆக, கொத்தனாரைக் கொல்றது தீர்வில்லை. அவருக்குப் போற தப்பான ஆர்டரை நிறுத்தணும்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கு. திசு எவ்வளவு விறைப்பா இருக்கு, புரதம் எப்படிப் பரவுது, ஃபீட்பேக்கை எந்த இடத்துல வெட்டலாம்? இதெல்லாம் மெக்கானிக்கல், கெமிக்கல், இசிஇ கேள்விகள். "பயோவா, வேண்டாம்ப்பா"ன்னு ஒதுங்காதீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு அட்டென்டன்ஸ் ஆப் செய்றதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

சிவில் நண்பர்களே, உங்களுக்கு இன்னும் பக்கத்துல ஒரு வேலை. சைட்டில் ஷீட்டை அறுக்கிறவர் துண்டைக் கட்டிக்கிட்டு நின்னா, சும்மா கடந்து போகாதீங்க. இன்னைக்கு அவர் இழுக்கிற மூச்சுக்குக் கணக்கு, நாம ரிட்டயர் ஆகும்போதுதான் தெரியும்.